நூருன்னிசா உட்கார்ந்த நாள்

என் மகனுக்கு,

பூந்தமல்லியில் புதிதாகத் திறக்கும் ஜவுளிக்கடையில் உன்னை ஒரு மாடிக்கு மேனேஜராகப் போட்டிருக்கிறார்கள் என்று நீ போனில் சொன்னதும் உன் அப்பா தெருவுக்கே கேட்கும்படி சந்தோஷப்பட்டார். நான் "நல்லதுடா" என்று மட்டும் சொன்னேன். "இன்னாமா, உனுக்கு சந்தோஷமே இல்லியா?" என்று கேட்டாய். சந்தோஷம் இருந்தது. கூடவே ஒரு பயமும் இருந்தது. அதைப் போனில் சொன்னால் நீ "சரிமா, சரிமா" என்பாய். அந்தச் சரிமாவுக்குப் பின்னால் நீ வேறு யாருக்கோ மெசேஜ் அனுப்பிக்கொண்டிருப்பாய் என்பது மேனாம்பேட்டில் உட்கார்ந்திருக்கும் எனக்கு நன்றாகவே தெரியும். அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பத்திரிகைக்கும் ஒரு பிரதி அனுப்பலாம் என்று இருக்கிறேன். மாடிக்கு மேனேஜரான பிள்ளைகள் ஊரில் நிறைய இருப்பார்கள். அவர்களுடைய அம்மாக்கள் எல்லோருக்கும் எழுத நேரம் கிடைக்காது.

நான் என்ன வேலை பார்த்தேன் என்று உன் பள்ளிக்கூடத்தில் கேட்டபோது "புடவை விக்கிறாங்க" என்று சொன்னாய். அது முழு உண்மையில்லை. எனக்குச் சம்பளம் கொடுத்தது நிற்பதற்கு. இடையிடையே புடவையும் விற்றேன். அம்பத்தூர் ஓ.டி. பக்கத்தில் எங்கள் கடை சின்னதாக இருந்த காலத்தில் வெள்ளை மெத்தை விரித்து, வாங்க வந்தவர்களும் விற்பவர்களுமாகக் காலை மடக்கி உட்கார்ந்து வியாபாரம் செய்தோம். பிறகு கடை வளர்ந்தது. கண்ணாடிக் கதவு வந்தது, ஏ.சி. வந்தது, இடுப்புயரக் கவுண்டர் வந்தது. வாடிக்கையாளர்களுக்கு நாற்காலி போட்டார்கள். எங்களுக்குத் தரை அப்படியே இருந்தது, ஆனால் அதில் பாதம் மட்டும்தான் படலாம். முன்னேற்றம் என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால், உட்கார்ந்து செய்த வேலையை நின்று செய்வது என்று சொல்வேன்.

நிற்பதிலும் விதி உண்டு. தூணில் சாயக் கூடாது. சுவரில் கை ஊன்றக் கூடாது. ஒற்றைக் காலை மடக்கி ஓய்வு கொடுத்தால் மேலே இருக்கும் கேமரா வழியாகப் பார்த்துவிட்டு மேனேஜர் தயாளன் மைக்கில் கூப்பிடுவான். "பட்டு செக்சன், கொக்கு மாதிரி நிக்காதே." அவனும் நம் ஆவடிப் பையன்தான், கெட்டவன் இல்லை. அவனும் நின்றுகொண்டேதான் சொல்வான். முதலாளி அண்ணாச்சி காலையில் உள்ளே நுழையும்போது, ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும் நாங்கள் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நிற்க வேண்டும். நின்றவர்கள் எப்படி எழுந்திருப்பது என்று நீ யோசிக்கலாம். முடியும். பழகிவிட்டால் முடியும்.

நூலகத்துக்கு நான் போய்க்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். அங்கே உட்காரலாம் என்பதற்காகத்தான் முதலில் போனேன், படிப்பது பிறகு தொற்றிக்கொண்டது. அங்கே மனித உரிமைப் புத்தகங்களைச் சமையலுக்கும் ஜோதிடத்துக்கும் நடுவில் அடுக்கியிருந்தார்கள். இருப்பதிலும் நடக்கப்போவதிலும் சேராத ஒன்றை வேறு எங்கே வைப்பது என்று நூலகருக்குத் தோன்றியிருக்கலாம். அங்கேதான் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் தமிழாக்கம் கிடைத்தது. சின்னப் புத்தகம், முப்பதே பிரிவுகள்.

யோசித்துப் பார். உலகமே ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, ஊர் ஊராகக் கொளுத்தி, மனிதர்களை வண்டி வண்டியாக ஏற்றிக்கொண்டுபோய்க் கொன்று முடித்து, இன்னும் புகை அடங்கவில்லை. அந்தச் சமயத்தில் ஒன்றுக்கொன்று ஒத்துவராத நாடுகளின் ஆட்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, மனிதனாகப் பிறந்த எவருக்கும் என்னென்ன உண்டு என்று எழுதத் தொடங்குகிறார்கள். வரைவில் 'ஆண்கள் எல்லோரும்' என்று இருந்ததாம். நம் நாட்டிலிருந்து போன ஒரு பெண்மணி விடாப்பிடியாக நின்று அதை 'மனிதர்கள் எல்லோரும்' என்று மாற்ற வைத்திருக்கிறார். அந்த ஒரு சொல் வழியாக நானும் உள்ளே வந்துவிட்டேன். கடைசியில் ஓட்டெடுப்பு நடந்தபோது ஒரு நாடுகூட எதிர்த்து ஓட்டுப் போடவில்லை. சில நாடுகள் மட்டும் எந்தப் பக்கமும் போடாமல் இருந்துவிட்டன. நம் அப்பார்ட்மென்ட் சங்கத்தில் தண்ணீர் மோட்டாருக்கு நடந்த ஓட்டெடுப்பை நேரில் பார்த்தவள் நான். அதனால் சொல்கிறேன், அது நடக்கக்கூடிய காரியமே இல்லை. ஆனாலும் நடந்தது.

அந்த முப்பது பிரிவுகளிலும் உட்காருவது என்ற சொல்லைத் தேடினேன். இல்லை. ஓய்வு இருக்கிறது, நியாயமான வேலைச் சூழல் இருக்கிறது, உட்காருவது இல்லை. எழுதியவர்கள் எல்லோரும் உட்கார்ந்து எழுதியவர்கள். அதைத் தனியாக எழுதிவைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது. ஒவ்வொரு ஊரும் தனக்கு விட்டுப்போன சொல்லைத் தானேதான் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எட்டு மணி நேர வேலையை நமக்கு யாரும் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை. இந்த நாட்டிலேயே முதன்முதலில் மே தினம் கொண்டாடியது நம் சென்னைக் கடற்கரையில்தான். நீ சுண்டல் தின்ற அதே மணலில். உட்காருவதைச் சேர்த்தவர்கள் பக்கத்து மாநிலத்தின் துணிக்கடைப் பெண்கள். அவர்கள் போராடி அங்கே சட்டம் வந்தது. பிறகு நம் சட்டசபையும் கூடி, கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் போட்டது. பேப்பரில் அதைப் படித்த அன்று நான் மூன்று முறை படித்தேன். ஒரு மாநிலமே கூடி, என் முழங்காலைப் பற்றி யோசித்திருக்கிறது!

சட்டம் கோட்டையிலிருந்து அம்பத்தூர் வந்துசேர நாளானது. தூரம் அதிகமில்லை, ஆனால் டிராபிக் உனக்கே தெரியும். கடைசியில் ஒரு நாள் மெரூன் நிறப் பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வேனில் வந்து இறங்கின. தயாளன் கவுண்டருக்கு ஒன்றாகப் போட்டான். நாங்கள் அதைப் பார்த்தோம். அது எங்களைப் பார்த்தது. பில் போடும் கஸ்தூரிதான் முதலில் வாய் திறந்தாள்.

"இன்னா தயாளு, ஒக்காரலாமா?"

"கவர்மென்ட்டு போட சொன்னுச்சு, போட்டாச்சுக்கா. ஒக்கார்றதும் ஒக்காராததும் உன் இஷ்டம்."

"உன் மூஞ்சப் பாத்தா இஷ்டம் மாதிரி தெர்லியே."

"என் மூஞ்சி பொறந்ததுலருந்தே இப்டிதான்."

யாரும் உட்காரவில்லை. தடுத்தவர் யாரும் இல்லை. முதல் ஆளாக உட்கார யாருக்கும் துணிவில்லை, அவ்வளவுதான். சில நாளில் ஸ்டூல் மேல் மடிக்காத புடவையை வைத்தோம், பிறகு டிபன் பாக்ஸை வைத்தோம். சோற்றுக்குக் கிடைத்த இருக்கை சோறு சமைத்தவளுக்குக் கிடைக்கவில்லை.

இந்த நிலையில்தான் நூருன்னிசாவின் சங்கதி. எங்களோடு பட்டுப் பிரிவில் இருந்தாள், பூந்தமல்லிப் பெண். நீ பார்த்திருக்கிறாய், ரம்ஜானுக்கு நோன்புக் கஞ்சி கொண்டுவந்து கொடுப்பாளே, அவள்தான். கல்யாணமாகி இரண்டு முறை வயிற்றில் தங்கி, இரண்டு முறையும் கலைந்துபோயிருந்தது. இப்போது மூன்றாவது. டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: நாள் முழுக்க நிற்கக் கூடாது, உட்கார்ந்து செய்யும் வேலையாகப் பார், இல்லையென்றால் வீட்டில் இரு. வீட்டில் இருந்தால் வேலை போகும். வேலை போனால் இ.எஸ்.ஐ. அட்டை போகும், அந்த ஆஸ்பத்திரி போகும், அந்த டாக்டரம்மாவும் போவார். அவள் கணவன் கட்டடங்களில் டைல்ஸ் ஒட்டுகிறவன். மழை பெய்தால் வேலை இல்லை. ஆக, அவளுக்கு இந்த வேலையும் வேண்டும், உட்காரவும் வேண்டும். இரண்டையும் ஒன்றாகத் தருகிற பொருள் ஒன்று அவள் காலடியிலேயே இருந்தது. அதன் மேல் என் டிபன் பாக்ஸ் இருந்தது.

அடுத்து வந்தது ஆயுத பூஜை. கடையைக் கழுவித் துடைத்து, எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பது என் பொறுப்பு. கத்தரிக்கோலுக்கு வைத்தேன், மீட்டர் கம்பிக்கு வைத்தேன், பில் மெஷினுக்கு, லிப்ட் கதவுக்கு வைத்தேன். தயாளன் ஏணி போட்டு ஏறி, எங்களைக் கண்காணிக்கும் கேமராவுக்கும் பொட்டு வைத்தான். கைவேகத்தில் நான் ஸ்டூல்களையும் விடவில்லை. ஒவ்வொன்றின் நடுவிலும் அழகாக மூன்று விரல் சந்தனம், மேலே குங்குமம், ஒரு சாமந்திப்பூ. எல்லோரும் தொட்டுக் கும்பிட்டோம். உலகம் எத்தனையோ வருடம் கழித்து எங்களுக்கு அனுப்பிவைத்த உரிமையை ஒரே சாயங்காலத்தில் நான் சாமியாக்கிவிட்டேன். காலால் இடித்துவிட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டிய பொருள்மீது இனி யார் போய் உட்காருவது?

மறுநாள் விஜயதசமி. கடை திறந்ததும் பார்த்தேன், நூரு இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. "உக்காருடி" என்றேன். அவள் ஸ்டூலைப் பார்த்தாள்.

"எப்டிக்கா? உங்க சாமியாச்சே."

"பொட்டத் துடைச்சுட்டு உக்காரு."

"ஐயோ, நானா துடைக்கிறது? நாளைக்கி கடைல ஏதோ ஒண்ணு ஆச்சுன்னா, நூரு ஒக்காந்தா, சாமி கோச்சுக்கிச்சும்பாங்க. வேணாங்க்கா. நின்னே பழகிட்டேன்."

அவள் சொன்னது நியாயம்தான். கடையிலேயே ஸ்டூல் அதிகம் தேவைப்பட்டவள் அவள். மற்றவர்கள் சாமிக்குக் கொடுக்கும் மரியாதையை அதிகம் மதித்தவளும் அவள். நான் வைத்த பொட்டு அவளைத்தான் தடுத்தது. தயாளன் அந்தப் பக்கம் வந்தான். அவனைப் பார்த்ததும் ஒரு வழி தோன்றியது.

"தயாளா, நேத்து கத்திரிக்கு பூஜை போட்டோமே, இன்னிக்கி அத இன்னா பண்ணே?"

"பிளவுஸ் துணி வெட்னேன்."

"பில்லு மிசினு?"

"பில்லு போடுது. இன்னாக்கா இப்போ?"

"பூஜை போட்டத மறுநாள் எடுத்து வேலைக்கு வெக்கணும். வெக்காட்டி பூஜை முடிஞ்சதா அர்த்தமா?"

"இல்லதான்."

"அப்ப ஸ்டூலுக்கு இன்னா வேலை?"

அவன் ஸ்டூலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், நூருவின் வயிற்றைப் பார்த்தான். "யக்கா, நீ மொதல்ல லைப்ரரிக்குப் போறத நிறுத்து" என்று சொல்லிவிட்டு, சட்டைப் பொத்தானை மிகவும் கவனமாகச் சரிசெய்யத் தொடங்கினான்.

வீட்டில் பூஜை முடிந்தால் படத்தைக் கொஞ்சம் வடக்கே நகர்த்தி வைப்போமே, சாமியைப் போய் வா என்று வழியனுப்புவதற்கு. அதே மாதிரி ஸ்டூலை வடக்குப் பக்கம், லிப்ட் இருக்கும் திசையில், ஒரு சாண் நகர்த்தினேன். பூவை எடுத்து என் தலையில் வைத்துக்கொண்டேன். முந்தானையால் பொட்டைத் துடைத்தேன். நூரு மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போயிட்டாராக்கா?"

"போயிட்டாரு."

"எங்க?"

"வேலைக்கு. இன்னிக்கு எல்லாரும் வேலைக்குப் போற நாளு."

அவள் வாய்க்குள் பிஸ்மி சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

உட்கார்ந்ததும் ஆளைக் காணோம். கவுண்டருக்கு மேலே தலை மட்டும் தெரிந்தது. யாரும் உட்காரப்போவதில்லை என்ற நம்பிக்கையில் வாங்கிய ஸ்டூல் அல்லவா, அதன் உயரத்தை யாரும் பார்த்திருக்கவில்லை. கஸ்தூரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "தல மட்டும் கீது, கஸ்டமரு பயந்துருவான்" என்றான் தயாளன். நூருவே சிரித்துவிட்டாள். கஸ்தூரி சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் கவுண்டரில் இருந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றின் மேல் ஒன்று செருகிக்கொள்ளும் இல்லையா. அதைச் செருகினோம், கொஞ்சம் உயர்ந்தது. காட்டன் பிரிவிலிருந்து ஒருத்தி தன்னுடையதைக் கொண்டுவந்தாள், ஜாக்கெட் பிட் பிரிவிலிருந்து ஒருத்தி. ஒவ்வொன்றையும் நான் வடக்கே நகர்த்தித் துடைத்துக் கொடுத்தேன். நூரு மறுபடி உட்கார்ந்தபோது கை கவுண்டருக்கு எட்டியது. எங்களுக்கென்று வந்த உரிமையை எல்லாம் நாங்கள் ஒருத்தியின் கீழே அடுக்கிவிட்டு நின்றோம். நிற்பது அன்றைக்கு ஒன்றும் கஷ்டமாக இல்லை.

அப்போது கண்ணாடிக் கதவு திறந்தது. அண்ணாச்சி.

எல்லோரும் நிமிர்ந்தோம், வழக்கம் அப்படி. நூருவின் உடம்பும் தானாகவே எழப் பார்த்தது. இரண்டு கையும் கவுண்டரில் ஊன்றிவிட்டன. பிறகு என்ன நினைத்தாளோ, கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எழவில்லை. அண்ணாச்சி தினமும் போல நடந்து வந்தவர், அவள் எதிரே வந்ததும் நின்றார். மெத்தை போய்க் கவுண்டர் வந்த பிறகு அந்தக் கடைக்குள் நிற்காத ஒரு வேலைக்காரியை அவர் பார்த்ததில்லை. நாங்களும் பார்த்ததில்லை.

"என்னம்மா, உடம்புக்கு முடியலியா?"

நல்ல மனசோடுதான் கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும். எங்கள் எல்லோருக்கும் அந்த ஆமாம் தொண்டை வரை வந்துவிட்டது.

"உடம்பு நல்லாதான் கீது அண்ணாச்சி" என்றாள் நூரு.

உனக்கு இதை எப்படிச் சொல்வது? புத்தகத்தில் முப்பது பிரிவும் படித்து வியந்தவள் நான். அவை அச்சில் இருந்தன. இது என் கண்ணெதிரே, பட்டுப் பிரிவில், கசங்கிய யூனிபார்ம் சேலையில் உட்கார்ந்திருந்தது. கேட்டால் கிடைத்திருக்கக்கூடிய இரக்கத்தை அவள் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, உடம்பு நன்றாக இருக்கும் ஒரு மனுஷியாகவே உட்கார்ந்திருந்தாள்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் அவளையும் அடுக்கியிருந்த ஸ்டூல்களையும் பார்த்தார். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. நல்லவராகவோ கெட்டவராகவோ அவரை ஆக்க எனக்கு விருப்பமில்லை. கடைசியில் வியாபாரி கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"கவுண்டர் எட்டுதா?"

"எட்டுது அண்ணாச்சி."

"ம்" என்றார். கல்லாவுக்குப் போய் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தார். வாடிக்கையாளர்களை விட்டால், கடையில் அன்றைக்கு உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டு பேர்.

மதியம் சாப்பிடும்போது நூருவைக் கேட்டேன், அப்படிச் சொல்ல எப்படித் தோன்றியது என்று. புத்தகத்தில் எழுதும்படி ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "முடியலன்னு சொன்னா ஊட்டுக்குப் போன்னுவாருக்கா. நல்லா கீதுன்னா வேலையப் பாருன்னுவாரு. எனுக்கு வேலை வேணும்ல?" என்றாள். பெரிய பெரிய ஆட்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து எழுதியதும் இதே மாதிரிக் கணக்குகளால்தான் பிழைத்திருக்கிறது போலிருக்கிறது.

அடுத்த வாரம் உயரமான ஸ்டூல் வந்தது. கஸ்தூரி உட்கார்ந்தாள், காட்டன் பிரிவு உட்கார்ந்தது. எனக்குத்தான் நாளானது, உட்கார்ந்தால் யாரோ முதுகைத் தட்டப்போவதுபோல இருக்கும். வியாபாரம் குறையவில்லை. தயாளன் மைக்கில் கொக்கைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டான். நூருவுக்கு மாதம் நிறைந்து, அதே டாக்டரம்மா கையில் பெண் குழந்தை பிறந்தது. ஸ்டூலால்தான் பிறந்தது என்று நான் சொல்ல மாட்டேன், டாக்டரம்மாவும் சொல்ல மாட்டார். பிறந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கையில் வாங்கியபோது, அது என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

இப்போது உன்னிடம் வருகிறேன். நீ நல்ல பிள்ளை, யாரையும் நிற்கச் சொல்ல மாட்டாய். எனக்கு அதில் சந்தேகமில்லை. அண்ணாச்சியும் எங்களை வாய் திறந்து நிற்கச் சொன்னதில்லை. நீ உன் மாடியில் நடந்து வரும்போது உட்கார்ந்திருக்கும் பெண்கள் உன் முகத்தைப் பார்ப்பார்கள். இன்று எழ வேண்டுமா, வேண்டாமா என்று அங்கேதான் படித்துக்கொள்வார்கள். சட்டம் கோட்டையில் இருக்கிறது, ஸ்டூல் காலடியில் இருக்கிறது, நடுவில் உன் முகம் இருக்கிறது. அதனால் அவர்கள் எழுந்தால் அதை உனக்கான மரியாதை என்று எடுத்துக்கொள்ளாதே. "உட்காருங்க, உட்காருங்க" என்று கையைக் காட்டிப் பெருந்தன்மையும் காட்டாதே. கொடுப்பதற்கு அது உன்னுடையது இல்லை. "உடம்பு முடியலியா?" என்று மட்டும் எவளையும் கேட்டுவிடாதே. எல்லோரும் நூருவாக இருக்க மாட்டார்கள். பாதிப் பேர் பயத்தில் ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள்.

என்றைக்காவது ஒரு நாள் நீ வருவது தெரிந்தும் ஒருத்தி எழாமல், புடவை மடிப்பதை நிறுத்தாமல், உன்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இருப்பாள். அவள் உன்னைப் படிப்பதை விட்டுவிட்டாள் என்று அர்த்தம். அன்றைக்கு உனக்கு உள்ளே லேசாகக் கோபம் வரும். வரட்டும், மேனேஜருக்கு வரத்தான் செய்யும். அதை அப்படியே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நடையை மாற்றாமல் அவளைக் கடந்து போ. கடந்த பிறகு எனக்கு ஒரு போன் போடு. "யம்மா, இன்னிக்கி ஒருத்தி எந்திரிக்கல" என்று மட்டும் சொல். நீ மேனேஜர் ஆகிவிட்டாய் என்று அன்றைக்கு நான் தெருவுக்கே கேட்கும்படி சொல்வேன்.

உன் அம்மா